மிச்சம்

புளியரைச் சோதனைச் சாவடிக்கு நூறடி முன்னால்
பச்சை பெயின்ட் அடித்த ஆம்னி வேன்.
அதுதான் என் கடை.
லாரியின் புகைக்குழலில் ரப்பர்க் குழாயைச் செருகி
"மிதிங்கண்ணே" என்பேன்.
மிதிப்பார்கள்.
ஒரு எண் வரும்.
அச்சடித்து, சீல் வைத்துக் கொடுப்பேன்,
ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும்
மூச்சுக்கான அனுமதியை.

யாருடைய மூச்சு என்று யாரும் கேட்டதில்லை.

சாரல் மாதங்களில்
ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கும்.
நாற்றெல்லாம் ஒரே பக்கம் சாயும்.
அப்படி ஓடி வந்த காற்று
சாவடி வரிசையில் வந்து மாட்டிக்கொள்ளும்,
அதனிடமும் பர்மிட் கேட்கிறார்கள் போல.
வைக்கோல், எம்-சாண்ட், முட்டை,
கூடை கூடையாய்ச் சுரண்டைக் கத்தரிக்காய்.
நாற்பது வண்டிகள்
நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும்.
"அணைச்சா என்ன?" என்றால்
"இப்ப நகந்துரும்க்கா."
அந்த இப்பவுக்கு வயது இரண்டு மணி நேரம்.

சாயங்காலம் மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டையில் கண்மை.
நான் கண்ணுக்கு மை வைப்பதில்லை.

குறை சொல்ல எனக்கும் வாயில்லை.
மீட்டருக்குக் கரண்ட் வேண்டும்.
வேனுக்குப் பின்னால், தார்ப்பாய் மறைவில்,
என் ஜெனரேட்டர் நாள் முழுக்கப் புகைத்தது.
அதற்கு ஒருநாளும் நான் குழாய் செருகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
வரிசையில் பதினொன்றாவது வண்டி,
புனலூர் தங்கச்சன்
சாவியைத் திருப்பினார்.
பூமியைக் காப்பாற்ற அல்ல,
போனில் மனைவி சொன்னது காதில் விழவில்லை.
பேசி முடித்தவர் மறந்துபோய்
அப்படியே உட்கார்ந்திருந்தார்.
பின் வண்டி வெள்ளைப்பாண்டி இறங்கி வந்தார்:
"டீசல் தீந்துட்டா?"
"இல்லடோ. மிச்சம்."

அந்தச் சொல்
வரிசையில் பின்னோக்கி நடந்து போனது.
நியாயம் பேசினால் நகராத ரோடு அது,
கணக்கு சொன்னால் நகரும்.
பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு...
சாவிகள் திரும்பின,
யாரோ விரல் விரலாய்ச் சொடக்கு எடுப்பது போல.

முட்டை வண்டி மட்டும் மசியவில்லை.
ஸ்டார்ட்டர் கோளாறு,
அணைத்தால் தள்ள வேண்டும்.
"தள்ளுவோம், அணைங்க."
பின்னால் தள்ளவும் செய்தார்கள்,
எட்டுப் பேர், ஒரு கண்டக்டர்,
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு.
ஒரு முட்டையும் உடையவில்லை என்று
இன்று வரை பெருமை.

அன்றைக்குத்தான் கேட்டது,
ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் ஓடும் சத்தம்.
மூன்று வருடமாக அதில்தான்
தூக்குவாளி கழுவுகிறேன்.

தண்ணீரோடு கூட
இன்னொரு சத்தமும் மிச்சமிருந்தது.
நாற்பது டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்,
தார்ப்பாயை,
அப்புறம் என்னை.

இப்போது மீரான் டீக்கடையிலிருந்து
ஒரு வயர் இழுத்திருக்கிறேன், மாதம் நானூறு.
வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்,
ஸ்கூட்டியை எடுக்காமல் நடக்கிறேன்,
மழை பெய்யாத நாட்களில்.
பெய்தால் எடுத்துவிடுகிறேன்.
பஞ்சர் கடை ஸ்டீபன்
கொசுவுக்குப் பழைய டயர் கொளுத்துவான்.
கொசுவலை வாங்கிக் கொடுத்தேன்.
வலையும் கட்டியிருக்கிறான்,
டயரும் கொளுத்துகிறான்.
நேற்று மட்டும்
"ஒண்ணுதான்க்கா" என்றான்.
முன்பெல்லாம் மூன்று.

வரிசையில் பாதிப் பேர் அணைக்கிறார்கள்.
மீதிப் பேருக்கு இன்னும் இப்ப நகரும்.

கைக்குட்டை கறுப்புதான்.
கொஞ்சம் வெளுத்த கறுப்பு.
அந்தக் கொஞ்சத்தை அளக்க
என் மீட்டரில் எண் இல்லை.
துவைக்கும்போது
கைக்குத் தெரிகிறது.